வெளிறிய மேனியும் பார்வைச் சான்றிதழும்

தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், எங்கேனும் ஒன்றில், கறுத்த பெற்றோருக்கும் கறுத்த உடன்பிறந்தாருக்கும் நடுவே பால்வண்ண மேனியும் வைக்கோல் நிறத் தலைமயிரும் உடைய ஒரு குழந்தை இருக்கக் காண்கிறோம். வாசற்கதவைத் திறந்தால் அக்குழந்தை முகத்தைத் திருப்பிக் கொள்ளும். புத்தகத்தை மூக்கின்மேல் ஒட்டினாற் போல் வைத்துக் கொண்டு படிக்கும். ஊரில் இருந்த வரையில் 'வெள்ளைக்காரன்' என்று கேலி பேசியவர்கள் தமிழர்கள். வடக்கே வந்தபின் 'சூரஜ்முகி' என்று அழைப்பவர்கள் அண்டை வீட்டார். சூரியகாந்திப் பூவுக்கு இந்தியில் வழங்கும் பெயர் அது. சூரியனை ஏறிட்டுப் பார்க்க இயலாத ஒரு பிள்ளைக்குச் சூரியனையே நோக்கி நிற்கும் பூவின் பெயரை யார்தான் வைத்தார்களோ, அறியோம்.

ஆங்கிலத்தில் இதற்கு அல்பினிசம் என்று பெயர். வெண்மை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்குப் பொதுவழக்கான சொல் ஒன்று இன்னும் நிலைபெறவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு கோப்பில் 'நிறமியின்மை' என்றும், மற்றொன்றில் 'வெளிறல்' என்றும் எழுதக் கண்டிருக்கிறோம். நாமே இரண்டையும் எழுதியும் இருக்கிறோம். சொல் நிலைபெறாததை ஒரு சிறு குறையாகத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த வெற்றிடத்தில் தவறான சொல் ஒன்று வந்து உட்கார்ந்து கொள்வதுதான் தொல்லை. இந்நிலையை வெண்குஷ்டம் என்று சொல்வோர் பலர். வெண்புள்ளி என்று இப்போது வழங்கப்படும் அந்நிலை வேறு. தொழுநோய் அதனினும் வேறு. வெண்புள்ளி பிறந்தபின் இடையில் தோன்றித் தோலின் நிறத்தைத் திட்டுத் திட்டாக அழிப்பது. தொழுநோய் கிருமியால் வருவது. நாம் பேச எடுத்துக்கொண்ட நிறமியின்மையோ கருவிலேயே அமைந்தது, எவருக்கும் ஒட்டாது, தோலோடு நிற்பதுமன்று.

நம் உடலில் மெலனின் என்னும் நிறமி உண்டு. தோலுக்கும் மயிருக்கும் கண்மணியைச் சூழ்ந்த வளையத்துக்கும் நிறம் தருவது அதுவே. அதை உண்டாக்கும் வேலைக்குரிய மரபணுக்களுள் ஒன்று தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுபட்ட நிலையில் வந்து சேர்ந்தால், குழந்தைக்கு நிறமி மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ போகிறது. பழுதான படி ஒன்றை மட்டும் தாங்கியிருக்கும் பெற்றோருக்கு வெளித்தோற்றத்தில் எக்குறையும் இராது. அத்தகைய இருவர் மணந்து கொண்டால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் ஒரே வகைப் பழுது இருபுறமும் சந்திக்க இடம் அதிகம். கண்ணை மட்டும் பாதிக்கும் வகையொன்றும் உண்டு. அது தாய்வழியாகப் பெரும்பாலும் ஆண்மக்களுக்கு வருவது. கிரகணத்தில் வெளியே வந்ததனால் என்றும், கருவுற்றிருந்தபோது குங்குமப்பூ அதிகம் உண்டதனால் என்றும் தாயைக் குறை கூறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு விடை சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டுவதில்லை.

அரசாங்க உதவியைப் பற்றிப் பேசப் புகுமுன் கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். உதவிக்குரிய வாசல் கண்ணில்தான் இருக்கிறது. நிறமியின்றி வளரும் கண்ணில், கூர்மையான பார்வைக்கு உரிய இடமாகிய விழித்திரையின் நடுக்குழி முழு வளர்ச்சி பெறுவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளும் வழக்கமான பாதையை விட்டு, வேண்டியதற்கு மேல் எதிர்ப்புறம் சென்று சேர்கின்றன. கண்கள் இடைவிடாது இப்படியும் அப்படியும் ஆடிக் கொண்டிருக்கும். வளையத்தில் நிறமி இல்லாமையால் ஒளி தடையின்றி உள்ளே புகுந்து கூசச் செய்யும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை முதலிய குறைகள் இவற்றோடு சேர்ந்து வருவதும் உண்டு. அவற்றை மூக்குக்கண்ணாடி திருத்தும். நடுக்குழியின் குறையை எந்தக் கண்ணாடியும் திருத்தாது. ஆகவே கண்ணாடி அணிந்த பின்பும் இவர்களுட் பெரும்பாலோர்க்குப் பார்வை பிறரைப் போல் இராது. பள்ளியில் கரும்பலகை தெரியாது. வரும் பேருந்தின் எண் தெரியாது. எதிரே வரும் நண்பர் யார் என்பது அவர் வாய் திறந்து பேசிய பின்பே தெரியும்.

2016-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரியது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொல்லியது. புதிய சட்டத்தின் அட்டவணையில் இருபத்தொன்று உள்ளன. குள்ளத்தன்மை, தசைச் சிதைவு, அரிவாளணுச் சோகை, அமிலவீச்சுக்கு ஆளானோர் எனப் பலவற்றுக்கு அதில் இடமுண்டு. நிறமியின்மை என்ற பெயரை மட்டும் காணோம். பட்டியலில் தம் பெயரைத் தேடிக் காணாத பெற்றோர் பலர், நமக்கு ஒன்றும் இல்லை என்று எண்ணித் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் பார்க்க வேண்டிய இடம் அதே அட்டவணையில் உள்ள 'குறைபார்வை' என்னும் சொல். இரு கண்களுள் நல்ல கண்ணில், தக்க கண்ணாடி அணிந்த பின்பும், பார்வைக் கூர்மை 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை இருக்குமாயின் அது குறைபார்வை. 3/60-க்கும் கீழானால் பார்வையின்மை. ஆதலின் விண்ணப்பத்தில் 'தோல்' என்று எழுதுவதும், தோல் மருத்துவரிடம் வரிசையில் நிற்பதும் வீண்வேலை. எழுத வேண்டியது பார்வைக் குறைபாடு. நிற்க வேண்டியது கண் மருத்துவப் பிரிவின் வாசலில்.

இவ்வெண்களின் பொருள் என்ன? ஆரோக்கியமான கண் 18 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை ஒருவர் 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியுமாயின் அவர் பார்வை 6/18. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் மேலேயுள்ள பெரிய எழுத்து 6/60. அதன்கீழ் 36, 24, 18 என வரிசை இறங்கிக் கொண்டே வரும். மத்திய அரசு வகுத்துள்ள அளவீட்டு முறைப்படி, இரண்டு கண்களும் 6/18 வரையிலான வரிசைகளைப் படித்துவிட்டால் குறைபாடு பூஜ்யம். இரண்டும் அதற்கு ஒரு வரிசை மேலேயே, 24 என்ற இடத்தில், நின்றுவிட்டால் 40 விழுக்காடு. இடையில் படிகள் இல்லை. இரு கண்களும் 6/24-இல் நின்றாலும் 6/60-இல் நின்றாலும் அதே 40 தான். சட்டம் தரும் சிறப்பு உரிமைகளுட் பெரும்பாலானவை 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர்க்கே உரியவை. ஆக, ஒரு பிள்ளையின் பள்ளிவாழ்வும் பிற்கால உத்தியோகமும் பலகையின் ஒரு வரிசையில் தொங்குகின்றன என்றால் மிகையாகாது.

இவ்விடத்தில் நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வடநாட்டு நகரம் ஒன்றில், இயந்திரப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தமிழரின் மகளுக்கு ஒன்பது வயது. மொழி தெரிந்தவர் ஒருவர் உடன் வந்தால் நல்லது என்று கேட்டதனால், மாவட்ட மருத்துவமனை ஒன்றுக்கு நாம் துணை சென்றோம். குழுவின் முன் அச்சிறுமி நிறுத்தப்பட்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுத் தடங்கலின்றிச் சொல்லிக் கொண்டே வந்தாள். மருத்துவர் 6/18 என்று எழுதினார். முடிவு பூஜ்யம். வெளியே வந்ததும் அவள் தாய் மிகுந்த பெருமிதத்தோடு, "ஒரு வாரமாக வீட்டில் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தேன் சார், ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை" என்றார். முந்தைய முறை வந்தபோது பலகையிலிருந்த எழுத்துகளைக் காகிதத்தில் குறித்துக் கொண்டு போய், பிள்ளைக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறார்! பரீட்சை என்றால் தேற வேண்டும். அதுதான் அவ்வம்மையார் அறிந்தது. பிள்ளையும் அம்மாவைத் தலைகுனிய வைக்கக் கூடாதென்று ஒப்பித்திருக்கிறாள். எழுத்து ஏதேனும் தெரிந்ததா என்று பிறகு நாம் கேட்டோம். "முதல் எழுத்து தெரிஞ்சுது மாமா. மத்ததெல்லாம் ஞாபகம்" என்றாள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை நாம். தெரிவதைத் தெரிகிறது என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொல்லும்படி பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அமைதியாகச் சொல்லி வைக்க வேண்டும் என்கிறோம். ஊகித்துச் சொல்லும் பழக்கம் இப்பிள்ளைகளுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. உருவத்தைக் கொண்டும் குரலைக் கொண்டும் ஊகித்தே நாள்தோறும் வாழ்கிறார்கள் அல்லவா? இன்னொன்றும் உண்டு. அளவு எடுப்பது கண்ணாடி அணிந்த நிலையில். ஆகவே சோதனைக்கு முன்பே நல்லதொரு கண் மருத்துவப் பிரிவில் காட்டி, தக்க கண்ணாடி எழுதி வாங்கி, சில மாதமேனும் அணியப் பழகி, அந்த மருத்துவரின் குறிப்பையும் கையில் கொண்டு செல்வது நலம். அக்குறிப்பில் கண்ணாட்டம், ஒளிக்கூச்சம், நடுக்குழி வளர்ச்சிக் குறைவு ஆகியவை எழுதப்பட்டிருக்குமானால், குழுவிலுள்ளவர் 'கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்' என்று இரண்டு சொற்களில் அனுப்பிவிட இடமிராது. ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண்ணின் ஆட்டம் சிலருக்கு அதிகரிக்கும் என்பதையும், தலையைச் சற்றுச் சாய்த்து ஒரு பக்கமாகப் பார்த்தால் ஆட்டம் அடங்குகிறது என்பதையும் மருத்துவர் அறிவார். பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. பிள்ளை தலையைச் சாய்ப்பது கெட்ட பழக்கமன்று.

இனி விண்ணப்பம். 2021 ஜூன் 1 முதல் இச்சான்றிதழ் நாடு முழுவதிலும் ஸ்வாவலம்பன் என்னும் மத்திய அரசு வலைத்தளத்தின் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வீட்டிலிருந்தோ, பொதுச் சேவை மையத்திலிருந்தோ விண்ணப்பிக்கலாம். சான்றிதழோடு தனித்த எண்ணுள்ள ஓர் அடையாள அட்டையும் கிடைக்கிறது, யூ.டி.ஐ.டி. அட்டை என்று அலுவலகங்களில் சொல்வது இதனையே. 40 முதல் 79 விழுக்காடு வரையில் மஞ்சள் பட்டை, 80-க்கு மேல் நீலப் பட்டை, 40-க்குக் கீழ் வெள்ளை. எங்கே விண்ணப்பிப்பது என்பதுதான் நம்மவர்க்குப் பெரிய ஐயம். 'ஊருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்' என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகளைப் போக்கிவிடுகின்றனர். அவ்வாறில்லை. முகவரிச் சான்றில் எந்த மாவட்டம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அம்மாவட்டத்து மருத்துவ அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அல்லது இக்குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெற்று வரும் அரசு மருத்துவமனையில் விண்ணப்பிக்கலாம். ஆதலின் ஆதார் அட்டையில் இன்னும் தென்காசியோ திருவண்ணாமலையோ இருக்குமானால், குடியிருக்கும் ஊருக்கு முகவரியை மாற்றுவது முதல் வேலை. அதைவிட முக்கியமானது, சட்டத்தின் 58-ஆம் பிரிவு சொல்வது: எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டாலும் இச்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தமிழ்நாட்டில் பெற்றதை புனேயில் ஏற்க மாட்டோம் என்று எவரும் சொல்வதற்கில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கிய பழைய சான்றிதழும் அதில் குறித்துள்ள காலம் வரையில் செல்லுபடியாகும்.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது சிறியதாகத் தோன்றும். ஆனால் நாம் பார்த்த தொல்லைகளுள் பாதி இதிலிருந்தே கிளைத்தது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தகப்பனார் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. வடக்கேயுள்ள படிவங்களோ குடும்பப் பெயர் இல்லாமல் ஓர் அடிகூட நகரா. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தே இல்லாமல் என்று ஒரே குழந்தைக்கு மூன்று பெயர்கள் அமைந்து விடுகின்றன. உதவித்தொகை வரும் காலத்தில் கணினி இம்மூவரையும் மூன்று தனித்தனி ஆட்களாகவே கருதும். எழுத்தரிடம் எவ்வளவு விளக்கினாலும் கணினிக்கு விளக்க முடியாது. விண்ணப்பத்துக்கு முன்பே எல்லாத் தஸ்தாவேஜுகளிலும் பெயரை ஒன்றாக்கிவிடுதல் பிற்காலத்து அலைச்சலைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

2017-ஆம் ஆண்டு விதிகள், விண்ணப்பம் வந்த ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றன; 2024 அக்டோபர் திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. இரண்டாண்டுக்கு மேல் முடிவின்றிக் கிடந்தால் விண்ணப்பம் செயலற்றதாகி, மீண்டும் போட வேண்டி வரும். ஆகையால் விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக் கொண்டு அவ்வப்போது விசாரித்து வருதல் வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர அதிகாரி கடமைப்பட்டவர். அக்காரணத்தை வாங்காமல் வீடு திரும்பலாகாது. சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். நாம் சொன்ன சிறுமியின் பெற்றோர் அவ்வாறே செய்தனர். மருத்துவக் கல்லூரி ஒன்றின் கண் பிரிவில் புதிதாகப் பரிசோதித்து, எழுத்துப் பலகையை மாற்றிக் காட்டியபோது இரு கண்களும் 6/36-க்கு மேல் செல்லவில்லை. ஏறக்குறைய ஓராண்டு அலைந்த பிறகு 40 விழுக்காட்டுச் சான்றிதழ் கைக்கு வந்தது.

அதனால் என்ன பயன்? ஆறு முதல் பதினெட்டு வயது வரையில் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்க உரிமை. அரசின் உயர்கல்வி நிலையங்களிலும் அரசு நிதியுதவி பெறுபவற்றிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் ஒதுக்கீடு. சேர்க்கைக்குரிய வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேற்படிப்பு வரையில் மத்திய அரசின் உதவித்தொகைகள் உள்ளன; பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து, தேசிய உதவித்தொகை வலைத்தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இவ்வகையினர் யாவர்க்குமாக ஒதுக்கப்பட்டு, அதில் 1 விழுக்காடு பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் உரியது. மத்திய அரசுப் பணிகளுக்கு வயது வரம்பில் பத்தாண்டுத் தளர்வும் உண்டு.

தேர்வுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, இச்சான்றிதழ் உடையவர்க்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரப்பட வேண்டும். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். பார்வையில்லாதவர்க்குப் போல, சொல்லச் சொல்ல எழுதுபவர் தேவை என்று இவர்களைப் பலர் வற்புறுத்துவதுண்டு. நிறமியின்மையுடைய பிள்ளைகள் பெரும்பாலும் தாமே எழுதக் கூடியவர்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளும், கண்ணில் வெயில் படாத இடமும், உருப்பெருக்கியை உடன் வைத்துக்கொள்ள அனுமதியும், அந்தக் கூடுதல் நேரமுமே. இவற்றைத் தேர்வு நாளன்று கேட்டால் கிடைக்காது. பள்ளித் தலைவர் வழியாகப் பல மாதம் முன்பே எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

உருப்பெருக்கி, தூரத்தில் உள்ளதைப் பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி போன்ற துணைக்கருவிகள், ஏழை நடுத்தரக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் இலவசமாகவோ பாதி விலைக்கோ கிடைக்கும். டேராடூனில் உள்ள பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் அதன் கிளைகளிலும் குறைபார்வைக்கு உரிய பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. ஓர் உள்ளங்கை அளவுள்ள தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக் கரும்பலகையைப் படிக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைகளின் பொறாமைக்கு ஆளாவதையும் பார்த்திருக்கிறோம்.

பணவுதவியில் மிகுந்த நம்பிக்கை வைத்திருப்போர்க்கு ஏமாற்றம் உண்டு. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கே உரியது. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 40 விழுக்காட்டினர் அதில் வரார். மாநில அரசுகள் தத்தம் செலவில் தரும் ஓய்வூதியங்களுக்கு 40 போதுமென்று வைத்துள்ள இடங்கள் உண்டு. ஆனால் அங்கே வேறு நிபந்தனை வந்து குறுக்கே நிற்கும்; அம்மாநிலத்தில் இத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்பது. தில்லி ஐந்தாண்டு கேட்கிறது. சான்றிதழ் நாடெங்கும் செல்லும். சலுகைகள் யாவும் அதனுடன் செல்வதில்லை. இவ்வேறுபாட்டை நம்மவர் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ரயில் கட்டணச் சலுகையும் அப்படியே. ஊருக்குப் போய் வரும் செலவு குறையும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். அது கண்பார்வை அறவே அற்றவர்களுக்கென வகுக்கப்பட்டது. வருமான வரி கட்டுவோர், பழைய வரிமுறையில் இருந்தால், 40 விழுக்காட்டுக்கு 75,000 ரூபாயும், 80-க்கு மேற்பட்டால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம். தம்மைச் சார்ந்த பிள்ளைக்காகப் பெற்றோரும் இக்கழிவைப் பெறலாம். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்க்கு இது இல்லை.

40 வராதவர் கதி என்ன? 6/18 வரிசையை உண்மையாகவே படித்துவிட்ட பிள்ளைக்கும் வெயிலில் கண் கூசத்தான் செய்யும். கண் ஆடத்தான் செய்யும். ஒதுக்கீடும் உதவித்தொகையும் அதற்கில்லை. எனினும் சட்டத்தில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லுக்கு 40 என்ற எல்லை இல்லை. நீடித்த குறைபாட்டினால் பிறரோடு சமமாகப் பங்குபெற இயலாதவர் யாவரும் அதில் அடங்குவர். அவர்களை வேற்றுமைப்படுத்தலாகாது, தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பன சட்டத்தின் கட்டளைகள். வெயில் படாத முன்வரிசை இருக்கை, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிய அனுமதி, திடலில் உடற்பயிற்சிக்குப் பதில் நிழலில் வேறு பயிற்சி ஆகியவற்றைக் கேட்க எந்த விழுக்காடும் வேண்டுவதில்லை. சீருடைக்கு மாறானது என்று தொப்பியைக் கழற்றச் சொல்லும் ஆசிரியர்க்கு மருத்துவரின் ஒரு கடிதம் போதும். போதாவிடில் அந்தந்த மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்; மத்திய அரசு நிலையங்களின் மீதான முறையீடுகளுக்குத் தில்லியில் தலைமை ஆணையர் இருக்கிறார்.

தோலைப் பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை என்பது நம் குறை. வெயிலைத் தாங்கும் நிறமியில்லாத தோல் எளிதில் வெந்து போகும்; ஆண்டுகள் பல வெயிலில் உழைப்போர்க்குத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மிகுதி. கட்டட வேலைக்கும் செங்கற் சூளைக்கும் சாலை போடுவதற்கும் வடக்கே வரும் நம் தொழிலாளருள் இக்குறையுடைய ஒருவர் இருப்பாராயின், அவருக்கு வேண்டிய உதவிகளுள் முதலாவது நிழலில் ஒரு வேலை. நீண்ட கைச்சட்டை, அகன்ற தொப்பி, வெயில் காப்புக் களிம்பு ஆகியவை இவருக்கு அழகுப் பொருள்கள் அல்ல. கென்யா நாட்டில் அரசே இக்களிம்பை இலவசமாக வழங்கி வருகிறது. 2019-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இவர்களைத் தனியே எண்ணியும் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு நம் நாட்டுக் குடிக்கணக்கு 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகளை எண்ணியபோது, இவர்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் கடைசி வரி, மத்திய அரசு அறிவிக்கும் பிற வகைகள் எவையும் சேரலாம் என்கிறது. எனவே கதவு சார்த்தப்படவில்லை.

சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தரப்படும். வளரும்போது பார்வை ஓரளவு மாறக் கூடுமாதலால், எந்த ஆண்டு மறுபடி வர வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். நாம் சொன்ன சிறுமியின் சான்றிதழிலும் அப்படி ஓர் ஆண்டு இருக்கிறது. அதற்குள் அவள் தகப்பனாருக்கு வேறு மாநிலத்துப் பட்டறையில் வேலை கிடைத்துக் குடும்பம் இடம்பெயர்ந்து விட்டது. ஆதாரில் முகவரியை மாற்றி, புதிய மாவட்டத்திலேயே மறுபரிசோதனைக்கு விண்ணப்பிக்கும்படி சொல்லி அனுப்பினோம். பலகை எழுத்துகளை இம்முறை சொல்லிக் கொடுப்பதில்லை என்று அம்மையார் உறுதி கூறியிருக்கிறார்.